கல்லூரித் தொண்டு: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

என்.எஸ்.எஸ்., என்.சி.சி., முகாம், மன்றப் பொறுப்பு பற்றி மாணவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கலை அறிவியல் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்திருக்கிறேன். என்.எஸ்.எஸ்., என்.சி.சி., ஒய்.ஆர்.சி., ஆர்.ஆர்.சி. என்று அறிவிப்புப் பலகையில் நான்கு தாள் ஒட்டியிருக்கிறார்கள். நான்கிலும் பெயர் கொடுக்கலாமா?
– மாணவி, தஞ்சாவூர்

வேண்டாம். ஒன்றில் சேர்ந்து, அதில் இரண்டு ஆண்டு நில்லுங்கள். நான்கிலும் பெயர் கொடுத்தவர்களுக்குக் கடைசியில் நான்கு சான்றிதழ் கிடைக்கலாம். ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தானே நடத்திய பழக்கம் கிடைக்காது. நீங்கள் வளர்வது அந்தப் பழக்கத்தில்தான்.

எதில் சேருவது என்பதை உங்கள் நேரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். நாட்டு நலப்பணித் திட்டம் எனப்படும் என்.எஸ்.எஸ்., காந்தி நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. தொண்டராகச் சேருகிறவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். 7 நாள் சிறப்பு முகாம் இதற்கு மேல். அந்த 120 மணி நேரத்தில் 20 அறிமுகப் பயிற்சிக்கு, 30 வளாகப் பணிக்கு, மீதி 70 ஊர்ப் பணிக்கு. கல்லூரி நடக்கிற 30 வாரத்துக்குப் பிரித்துப் பார்த்தால் வாரத்துக்கு 4 மணி நேரம் வருகிறது. வெளியூரிலிருந்து பேருந்தில் வருகிறவர்களுக்கும் இது தாங்கும்.

தேசிய மாணவர் படை எனப்படும் என்.சி.சி. இதைவிட அதிக நேரம் கேட்கும். அணிவகுப்புக்கு ஒழுங்காகப் போகாவிட்டால் சான்றிதழ்த் தேர்வே எழுத முடியாது. ராணுவ அதிகாரியாகும் எண்ணம் இருந்தால் அந்த உழைப்புக்கு நேரடிப் பலன் உண்டு. ‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ கிரேடும், பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண்ணும் இருந்தால், எழுத்துத் தேர்வு இல்லாமல், எஸ்.எஸ்.பி. எனும் ராணுவ அதிகாரித் தேர்வு வாரியத்தின் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் சிறப்பு நுழைவு இருக்கிறது. அந்த எண்ணம் இல்லாதவர்கள் சீருடைக்காக மட்டும் சேர்ந்தால் இரண்டாம் ஆண்டில் சோர்ந்துவிடுவார்கள்.

ஒய்.ஆர்.சி. எனும் இளைஞர் செஞ்சிலுவைச் சங்கத்தில் முதலுதவியும் உடல்நலப் பணியும் முக்கியம். ஆர்.ஆர்.சி. எனும் செஞ்சுருள் சங்கத்தின் வேலை எச்.ஐ.வி. விழிப்புணர்வும் தன்னார்வ ரத்ததானமும். இவை இரண்டின் பயிற்சி வகுப்புகளுக்கும், பொறுப்பு எதுவும் எடுக்காமல், அனுமதி கேட்டுப் போய் வரலாம். முதலுதவிப் பயிற்சி எங்கே நடந்தாலும் தவறவிடாதீர்கள்.

தமிழ் வழியில் படித்தவள் நான். மேடை என்றாலே கை நடுங்கும். தைரியம் வரும் என்று என்.எஸ்.எஸ்.-இல் சேர்ந்தேன். ஒரு வருடம் ஆகியும் பின்வரிசையில்தான் நிற்கிறேன். என்ன செய்ய?
– மாணவி, விழுப்புரம்

கூட்டத்தோடு போய்க் கூட்டத்தோடு திரும்பினால் பத்து நிகழ்ச்சிக்குப் போனாலும் இப்படித்தான் இருக்கும். நமக்கு மட்டுமே தெரிந்த ஒரு தகவலைக் கேட்டு நாலு பேர் நம்மிடம் வரும்போதுதான் வாய் திறக்கிறது. அப்படிப்பட்ட வேலையாகப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள்.

முதலில் பதிவு மேசை. வருகிறவரின் பெயர், துறை, கைபேசி எண் கேட்டு எழுத வேண்டும். ஒரே காலையில் ஐம்பது, அறுபது புதிய முகங்களிடம் நீங்கள்தான் முதலில் பேசியாக வேண்டியிருக்கும், ஆளுக்கு இரண்டே வாக்கியம். அடுத்து பொருள் பொறுப்பு: மண்வெட்டி, கடப்பாரை, கையுறை எத்தனை போனது, எத்தனை திரும்பி வந்தது. திருப்பித் தராத சீனியரிடம் போய்க் கேட்பதற்கு மேடைப் பேச்சைவிட அதிகத் தைரியம் வேண்டும், அது இங்கேதான் பழகும். மூன்றாவதாக, பத்துப் பேர் குழுவுக்கு வேலை பிரித்துச் சொல்வது. எங்கே, என்ன வேலை, எத்தனை மணிக்கு முடிய வேண்டும், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது. இந்த நான்கையும் நின்றபடியே குழுவுக்குச் சொல்லிப் பழகிவிட்டால் மைக்குக்குப் போகலாம்.

மைக்கில் முதல் வேலையாக நன்றியுரையை ஏற்காதீர்கள். சுலபமென்று நினைத்துப் புதியவர்கள் தலையில்தான் அதைக் கட்டுவார்கள். உண்மையில் பெயர், பதவி, வரிசை மூன்றும் பிசகக்கூடிய இடம் அது. கூட்டமும் எழுந்து கிளம்பிக்கொண்டிருக்கும். அதற்குப் பதில் அறிவிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். “சாப்பாடு பின்பக்க அரங்கில், 12.45-க்கு. முதலில் முகாம் குழு, பிறகு மற்றவர்கள்.” இதில் தடுமாற ஒன்றுமில்லை, எல்லாரும் காது கொடுத்துக் கேட்கவும் செய்வார்கள்.

மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு சொல் மறந்தால் மொத்தமும் நின்றுவிடும். அஞ்சலட்டை அளவில் ஒரு அட்டை எடுத்து, முதல் வாக்கியத்தை மட்டும் முழுதாகவும், மற்றதைக் குறிப்பாகவும் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மடித்த தாள் கையோடு சேர்ந்து நடுங்கும், கெட்டி அட்டை அவ்வளவு காட்டிக்கொடுக்காது. ஒன்று உறுதியாகச் சொல்கிறோம்: தமிழில் பேசுங்கள். ஊர்ப் பணியில் உங்கள் முன் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத் தெளிவான தமிழில் சொல்லத் தெரிந்தவர்தான் அங்கே தேவைப்படும் ஆள்.

வருகிற சிறப்பு முகாமுக்கு மாணவர் தலைவராக என்னைப் போட்டிருக்கிறார்கள். 50 பேர், 7 நாள். போன முகாமில் மூன்றாம் நாள் சண்டை, நாலாம் நாள் பலருக்கு வயிற்றுப்போக்கு என்று சீனியர்கள் சொல்கிறார்கள். எங்கே தொடங்குவது?
– மாணவர், நாமக்கல்

அந்த இரண்டு தொல்லைக்கும் காரணம் முகாம் தொடங்குவதற்கு முன்பே இருந்திருக்கும். திட்ட அலுவலரோடு (என்.எஸ்.எஸ். பிரிவுக்குப் பொறுப்பான ஆசிரியர்) ஊருக்கு இரண்டு முறை போய் வாருங்கள். முதல் முறை மூன்று வாரம் முன்பு, தங்கும் இடம் பார்க்க. 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்று வைத்தால் 50 பேருக்குக் குறைந்தது மூன்று வேண்டும். பெண்களுக்குத் தனியாக, உள் தாழ்ப்பாளும் விளக்கும் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தை, மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், விட்டுவிடுங்கள். கழிப்பறை சரியில்லையென்றால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள், வெயிலில் மயக்கம் அங்கிருந்துதான் வருகிறது. ஊராட்சி மன்றத் தலைவர், பள்ளித் தலைமையாசிரியர், கிராம சுகாதார செவிலியர் மூவரையும் அன்றே பாருங்கள். இரண்டாம் முறை ஒரு வாரம் முன்பு போய், வேலை நடக்கும் இடம், கருவிகள், எழுத்து அனுமதி ஆகியவற்றை உறுதி செய்யுங்கள். பெற்றோர் சம்மதக் கடிதங்கள் அதற்குள் கைக்கு வந்திருக்க வேண்டும்.

வயிற்றுப்போக்குக்கு வருவோம். குடிக்க ஆளுக்கு 5 லிட்டர் வீதம் நாளைக்கு 250 லிட்டர் நல்ல தண்ணீர் தேவை, சமையலுக்குத் தனி. அண்டாவில் ஆளாளுக்கு டம்ளர் விட்டு மொள்வதுதான் பெரும்பாலும் வினை. குழாய் வைத்த டிரம்மாக வாங்குங்கள், இல்லையென்றால் நீளக் கைப்பிடி அகப்பையோடு ஒருவர் ஊற்றித் தரட்டும். கழிப்பறை வாசலிலும் சமையல் இடத்திலும் சோப்பு இருக்க வேண்டும், தீர்ந்ததா என்று பார்க்க ஒருவர் பெயரையும் போடுங்கள். மதியம் மிஞ்சிய குழம்பை இரவுக்கு வைப்பதை நிறுத்துங்கள். அது மிஞ்சுவதே அளவு தெரியாமல் சமைப்பதால்தான். ஒரு வேளைக்கு 50 பேருக்கு 6 கிலோ அரிசி, சாம்பாருக்கு 2 கிலோ பருப்பு என்று தொடங்குங்கள். மண் வேலை நடக்கும் நாளில் அரிசி 7 கிலோ ஆகும். முதல் இரண்டு நாள் மிச்சத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

அதையும் மீறி யாருக்காவது போக்கு வந்தால், ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எத்தனை தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அத்தனையில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். பெரிய பொட்டலம் 1 லிட்டருக்கு. ஒரு டம்ளரில் கால் பொட்டலம் என்று கண்ணளவில் போட்டால் உப்பு கூடிப்போகும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் எண்ணையும் 108-ஐயும் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

சண்டை வருவது, அடுப்படியில் அதே நாலு பேர், வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பில் அதே நாலு பேர் என்று அமைந்துவிடுவதால். துறைகளைக் கலந்து, பத்துப் பேராக ஐந்து குழு பிரியுங்கள். சமையல், களப்பணி, கணக்கெடுப்பு, மாலை நிகழ்ச்சி, துப்புரவு. போகும் நாளையும் திரும்பும் நாளையும் கழித்தால் மீதி ஐந்து நாள். தினம் ஒரு சுற்று மாறினால் எல்லாரும் எல்லா வேலையும் ஒரு முறை செய்திருப்பார்கள். இந்தப் பட்டியலைப் புறப்படுவதற்கு முன்பே ஒட்டுங்கள். அங்கே போய்ப் பிரித்தால் நண்பர்கள் நண்பர்களோடுதான் நிற்பார்கள். நீங்களும் ஒரு நாள் துப்புரவுக் குழுவில் இருக்க வேண்டும். விளக்குமாறு பிடிக்காத தலைவர் நாலாம் நாள் சொல்வதை யாரும் கேட்பதில்லை.

இரவு சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரக் கூட்டம் கட்டாயம். இன்று எது நின்றுபோனது, ஏன், நாளை அதை யார் பார்ப்பது. இந்த மூன்றைத் தவிர வேறு பேச வேண்டாம், குற்றம் சொல்ல யார் பெயரையும் எடுக்க வேண்டாம்.

வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது, ஐந்து நாளில் முடியுமா, நீங்கள் போன பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்று இரண்டையும் கேளுங்கள். 500 மரக்கன்று நட்டுப் புகைப்படம் எடுத்துவிட்டு வந்தால், கோடையில் தண்ணீரின்றியும் ஆடு மேய்ந்தும் பெரும்பாலானவை போய்விடும். அதற்கு 50 கன்று போதும். ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழி, முள் அல்லது மூங்கில் கூண்டு, ஒவ்வொரு கன்றுக்கும் எதிர்வீட்டுக்காரர் ஒருவர் பெயர். வேம்பும் புங்கமும் பிழைத்துக்கொள்ளும். மூன்று மாதம் கழித்து இரண்டு பேர் போய் எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கணக்கெடுப்புக்கு இருவர் இருவராகப் போங்கள். 10 கேள்விக்கு மேல் வேண்டாம், வருமானம் பற்றிய கேள்வி கடைசியில். முதல் கேள்வியே அதுவானால் கதவு மூடிவிடும். நிறைவு நாளில் அந்த விவரங்களை இரண்டு பக்கமாகத் தொகுத்து, யார் வீடு என்று தெரியாதபடி, ஊராட்சியிடம் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

நிவாரண நிதி திரட்டியபோது பணம் என் நண்பனிடம் இருந்தது. கணக்கில் இடிக்கிறது. அவன் எடுத்திருக்க மாட்டான், ஆனால் நிரூபிக்க முடியவில்லை. இப்போது என்ன செய்வது?
– மாணவர், திருச்சி

இன்றே திட்ட அலுவலரிடம் சொல்லிவிடுங்கள். தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் உங்கள் நண்பருக்குத்தான் கெடுதல். யார் யாரிடம் வசூல், எந்தத் தேதி, எவ்வளவு என்று நினைவில் இருப்பதை எல்லாரும் சேர்ந்து எழுதி, செலவுச் சீட்டுகளோடு ஒப்பிடுங்கள். ரசீது வாங்காத ஆட்டோ கூலி, சுமை கூலி, தேநீர் போன்றவற்றில்தான் பெரும்பாலும் வித்தியாசம் மறைந்திருக்கும்.

அடுத்த முறைக்கு: கல்லூரியின் எழுத்து அனுமதி இல்லாமல் வசூல் தொடங்கக் கூடாது. எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம் வேண்டும். யார் கைபேசிக்கும் தனிப்பட்ட முறையில் பணம் அனுப்பச் சொல்லாதீர்கள், சொந்தப் பணத்தோடு கலந்த பிறகு அதைப் பிரிக்க முடியாது. பணம் வைத்திருப்பவர் ஒருவர், கணக்கு எழுதுபவர் வேறொருவர். அன்றன்று மாலை இருவரும் எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். ரசீது தராத செலவுக்கு வவுச்சர் எழுதிப் பெற்றவரிடம் கையெழுத்து வாங்குங்கள். முடிவில் வரவு, செலவு, இருப்பு மூன்றையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். நண்பன் மேல் நம்பிக்கை இல்லாததால் இப்படிச் செய்வதில்லை. அவன் மேல் நாளை ஒரு சொல் விழாமல் இருக்கத்தான் செய்கிறோம்.

என் மகன் இரண்டாமாண்டு பொறியியல். எப்போது பார்த்தாலும் ரத்ததானம், பேரணி, முகாம். இரண்டு பாடம் அரியர். இதெல்லாம் வேலைக்கு உதவுமா?
– ஒரு தந்தை, திண்டுக்கல்

ஐயா, அரியர் இருக்கும்வரை அவர் புதிய பொறுப்பு எதையும் ஏற்கக் கூடாது. இதில் நாங்கள் உங்கள் பக்கம். ஆனால் முழுவதும் நிறுத்தச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட ஒரு பொறுப்பை மட்டும் முடிக்கட்டும், வாரம் 4 மணி நேரம் என்று எல்லை வைக்கட்டும், தேர்வுக்கு முந்தைய நான்கு வாரம் எதுவும் வேண்டாம். நிகழ்ச்சிக்குப் போகும் நாட்களுக்கு முன்கூட்டியே ஓ.டி. கடிதத்தில் (கல்லூரிப் பணியாகப் போனதாகக் கணக்கில் எடுக்கும் ‘ஆன் டியூட்டி’ கடிதம்) கையெழுத்து வாங்குகிறாரா என்று கேளுங்கள். போய் வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டு, பருவ முடிவில் 75 சதவீத வருகைக்கு அலைகிற மாணவர்கள் நிறையப் பேர்.

சான்றிதழ் மட்டும் வேலை வாங்கித் தராது. நேர்முகத்தில் “ஒரு சிக்கலை எப்படிச் சமாளித்தீர்கள், சொல்லுங்கள்” என்று கேட்பார்கள். பதில் சொல்ல அவரிடம் உண்மையான நிகழ்ச்சி இருக்கும் என்பதுதான் பலன். இன்று வீட்டில் அவரைக் கேளுங்கள்: “இந்த வருடம் நீயே பொறுப்பெடுத்து முடித்த வேலை எது?” மடமடவென்று சொன்னால் அவர் நேரம் வீணாகவில்லை. தயங்கினால், கூட்டத்தில் ஒருவராகப் போய் வந்துகொண்டிருக்கிறார் என்று பொருள். கோபிக்காமல் அதை அவருக்கு எடுத்துக்காட்டுங்கள்.

இரண்டு வருடத் தொண்டை ரெஸ்யூமில் எப்படி எழுதுவது?
– மாணவி, கோயம்புத்தூர்

“என்.எஸ்.எஸ். தொண்டர், தலைமைப் பண்பு உடையவர்” என்று எழுதினால் யாரும் படிப்பதில்லை. என்ன பொறுப்பு, எத்தனை பேர், எத்தனை நாள், என்ன ஆனது என்று எழுதுங்கள். “50 பேர் தங்கிய 7 நாள் முகாமில் உணவுப் பொறுப்பு, தினசரி கொள்முதல் பட்டியலும் செலவுக் கணக்கும் பராமரித்தேன்.” இந்த வரியிலிருந்து கேள்வி பிறக்கும், உங்களுக்குப் பதிலும் தெரியும். செய்யாததைச் சேர்க்காதீர்கள், இரண்டாவது கேள்வியில் தெரிந்துவிடும்.

இதற்கு, ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்த இரவும் ஒரு குறிப்பேட்டில் நாலு வரி எழுத வேண்டும்: தேதியும் மணி நேரமும், என் வேலை, எது பிசகியது, அடுத்த முறை எதை மாற்றுவேன். மூன்றாம் வரியைத் தவிர்த்துவிட்டு எழுதுகிறவர்கள்தான் அதிகம். நேர்முகத்தில் கைகொடுப்பது அதுதான்.

கல்லூரியில் ரத்ததான முகாம் நடத்தப் போகிறோம். பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்களே?
– மாணவர், மதுரை

தகுதியை முன்பே சொல்லாததால் வருவது அது. வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 கிராம், முந்தைய தானத்திலிருந்து ஆண்களுக்கு 3 மாதம், பெண்களுக்கு 4 மாதம். இதைப் பெயர் வாங்கும் படிவத்திலேயே அச்சிடுங்கள். மாணவிகள் பலர் ஹீமோகுளோபின் குறைவால் திரும்புவார்கள். அதனால் மூன்று மாதம் முன்பு ஒரு பரிசோதனை முகாம் நடத்துவது நல்லது. தானம் கொடுக்க முடியாமல் போனாலும் தன் ரத்தசோகையைத் தெரிந்துகொண்டு மருத்துவரிடம் போவார்களே, அதுவே பெரிய உதவி.

காலைச் சாப்பாடு சாப்பிடாமல் யாரையும் அனுமதிக்காதீர்கள். ஒருவர் படுக்கையில் ஏறி இறங்கச் சுமார் 20 நிமிடம் ஆகும். நாலு படுக்கையென்றால் மணிக்கு 12 பேர்தான். எல்லாரையும் 10 மணிக்கு வரச் சொன்னால் வரிசையில் நின்றே மயங்குவார்கள், நேரம் பிரித்து அழையுங்கள். கொடுத்த பின் 15 நிமிடம் உட்கார வைத்து நீராகாரம் கொடுத்து அனுப்புங்கள், உடனே வண்டி ஓட்ட விடாதீர்கள்.

வருகைப் பதிவு தருகிறோம், பரிசு தருகிறோம் என்று ஆள் சேர்க்கவே கூடாது. அதற்கு ஆசைப்பட்டு நோயை மறைத்துக் கொடுப்பவரின் ரத்தம் நோயாளிக்குப் போகும். திருப்பி அனுப்பப்பட்டவரிடம் காரணத்தை நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள்.

எங்கள் பிரிவில் வேலையே நடப்பதில்லை. பேனர் பிடித்துப் படம் எடுப்பதோடு சரி. விலகிவிடலாமா?
– மாணவி, சேலம்

விலகுவதற்கு முன், ஒரு பக்கத்தில் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். பொதுவாகக் குறை சொன்னால் திட்ட அலுவலருக்கு அது மேலும் ஒரு சுமை. தயாரான திட்டம் வந்தால் கையெழுத்துப் போடுவது அவருக்கும் எளிது. அந்தப் பக்கத்தில் என்ன வேலை, எங்கே, எந்தக் கிழமை எத்தனை மணி, எத்தனை பேர் (பெயர்களோடு), என்ன செலவு, யார் அனுமதி, எந்தத் தேதியில் முடியும் என்பவை மட்டும் இருக்கட்டும்.

பக்கத்துப் பள்ளியில் மாலை வகுப்பு நல்ல தொடக்கம். 20 பிள்ளைகளுக்கு நாலு பேர், செவ்வாயும் வியாழனும் ஒரு மணி நேரம், கணக்கும் வாசிப்பும் மட்டும், பத்து வாரம். இத்தகைய வகுப்புகள் பெரும்பாலும் உங்கள் உள்மதிப்பீட்டுத் தேர்வு வரும் வாரத்தில்தான் நின்றுபோகும். அந்த வாரங்களை முன்பே விடுமுறையாக அறிவித்துவிடுங்கள், சொல்லாமல் வராமல் போனால் பிள்ளைகளும் அடுத்த வாரம் வர மாட்டார்கள். எந்தப் பிள்ளையோடும் எந்தத் தொண்டரும் அறையில் தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இருவராக, கதவு திறந்தபடி. முதல் நாளும் கடைசி நாளும் ஒரே பத்தியை வாசிக்கச் சொல்லிக் குறித்துவையுங்கள். திட்ட அலுவலரிடம் அடுத்த பத்து வாரத்துக்கு அனுமதி கேட்கப் போகும்போது அந்தத் தாளைக் கொண்டுபோங்கள்.